'போடிநாயக்கனூர்' 8 எழுத்தா, 14 எழுத்தா? ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் 'பக்' கண்டால் யாரிடம், எப்படிச் சொல்வது?

போடிநாயக்கனூர் என்ற பெயரில் எத்தனை எழுத்து? அந்த ஊரில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளையைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். போ, டி, நா, ய, க், க, னூ, ர். மொத்தம் எட்டு.

இதையே 'பைத்தான்' என்ற கணினி மொழியிடம் கேட்டால் 14 என்று பதில் வருகிறது.

காரணம் இதுதான். நமக்கு 'போ' என்பது ஒரே எழுத்து. கணினிக்கு 'ப' தனி, அதோடு ஒட்டும் 'ோ' குறி தனி. 'க்' என்பதில் 'க' தனி, மேலே இருக்கும் புள்ளி தனி. உலக மொழிகளை எல்லாம் கணினியில் ஏற்றும் 'யூனிகோட்' முறையில் தமிழ் இப்படித்தான் சேமிக்கப்படுகிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. 'ோ' என்ற குறியையே இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் 'ே', பின்னால் வரும் 'ா' என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பிரித்து வைத்தால் அதே போடிநாயக்கனூருக்கு எண்ணிக்கை 15. திரையில் பார்த்தால் இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் தெரியாது. ஆனா தேடினா கிடைக்காது.

ஏலத்தோட்டம் ஒன்றின் கூலிக் கணக்கை கணினியில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'சோலையம்மாள்' என்ற பெயர் ஒரு வாரம் செல்போனில் நேரடியாகத் தட்டச்சு செய்யப்படுகிறது. அடுத்த வாரம் பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றி ஒட்டப்படுகிறது. மாற்றித் தந்த மென்பொருள் குறியைப் பிரித்து வைத்திருந்தால், கணினிக்கு இப்போது இரண்டு சோலையம்மாள்கள். ஒருவருக்கு முதல் வாரக் கூலி, இன்னொருவருக்கு இரண்டாம் வாரக் கூலி. தினமும் விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்குப் போகிற ஒரு தொழிலாளிக்கு, கணக்கில் ஒரு வாரம் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

இந்தத் தவறைச் சரிசெய்யப் போவது யார்? அவரிடம் போய் யார் சொல்வது?

'பூச்சி' எப்படி உள்ளே வந்தது?

மென்பொருளில் இருக்கும் பிழையை 'பக்' என்கிறார்கள். அதாவது பூச்சி. 1947 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' கணினிக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அன்றிலிருந்துதான் இந்தப் பெயர் என்று பலரும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. கருவிகளில் வரும் கோளாறை 'பக்' என்று தாமஸ் எடிசன் 1878-லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஏலக்காய்க்காரர்களுக்குப் பூச்சி புதிதல்ல. இலைப்பேன் இருக்கிறது, தண்டு துளைப்பான் இருக்கிறது, செடியையே தேய வைக்கும் 'கட்டே' நோயைப் பரப்பும் அசுவினி இருக்கிறது. 'செடி சரியில்ல' என்று மட்டும் போய்ச் சொன்னால் மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் யாராலும் உதவ முடியாது. இலையில் வெளிறிய கோடு ஓடுகிறதா, காயில் சொறி பிடித்திருக்கிறதா, தண்டில் துளை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு இலையோ காயோ பறித்துக் கொண்டு போனால் இன்னும் நல்லது. மென்பொருளில் 'பக் ரிப்போர்ட்' என்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஓப்பன் சோர்ஸ் என்றால்?

இதையும் மலையிலிருந்தே விளக்கலாம். 'ஞள்ளானி' என்ற ஏலக்காய் ரகத்தைத் தெரியாத தோட்டக்காரர் இடுக்கியில் இருக்க மாட்டார். அதை உருவாக்கியது எந்தப் பெரிய கம்பெனியும் இல்லை. இடுக்கி மாவட்ட விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். ஒருவரிடமிருந்து ஒருவர் கன்று வாங்கி நட, மலை முழுக்கப் பரவியது.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும் அப்படித்தான். எழுதியவர் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்துவிடுகிறார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பெரும்பாலும் காசு கிடையாது. ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் சிறு மென்பொருள் கட்டுக்கு 'பேக்கேஜ்' என்று பெயர். அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்பவர் 'மெயின்டெய்னர்'. தமிழில் பராமரிப்பாளர் என்று சொல்லலாம்.

'எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். நீங்கள் இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், 'கொ' என்ற எழுத்தில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவது 'ஹார்ஃப்பஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. அதை உருவாக்கிப் பல ஆண்டுகளாக வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத். பாரசீகச் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரும் வைத்தார். தமிழ் அவர் மொழி இல்லை. 'இந்த எழுத்து இப்படி உடையுது' என்று தமிழ் தெரிந்த யாராவது சொன்னால்தான் அப்படிப்பட்டவர்களுக்குத் தெரியும்.

மூடிய மென்பொருளில் என்ன நடக்கும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது. ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு மெசேஜில் வந்தால் போதும், ஐபோனில் அந்தச் செயலியே முடங்கியது. உலகமே பேசியது. ஆனால் உள்ளே என்ன தப்பு என்று வெளியாட்கள் நிரலைத் திறந்து பார்க்க வழியில்லை. ஆப்பிள் நிறுவனம் அதே மாதம் 19-ம் தேதி ஐ.ஓ.எஸ் 11.2.6 பதிப்பை வெளியிடும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: அது பக் தானா?

மேலே சொன்ன 14 எழுத்துக் கணக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பைத்தான் குழுவிடம் போனால் என்ன ஆகும்? 'இது பிழை இல்லை' என்று சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறிகளை. அப்படித்தான் எண்ணுவோம் என்று ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். எந்த மொழியின் எழுத்திலக்கணத்தையும் பின்பற்றுவதாக அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் 'தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணித் தருவேன்' என்று சொல்லும் ஒரு பேக்கேஜ் 14 என்று காட்டினால் அது பக். வித்தியாசம் வாக்குறுதியில் இருக்கிறது. புகார் சொல்லும் பலரும் இடறுவது இங்கேதான்.

தமிழுக்கென்றே எழுதப்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. 'ஓப்பன் தமிழ்' அவற்றில் முக்கியமானது. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சேர்ந்து வளர்த்தது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி அதில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி, தவறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. ஏலக்காயின் பச்சை நிறம் போய்விட்டால் போடி வியாபாரி உடனே விவசாயியைத் திட்ட மாட்டார். பறித்ததில் கோளாறா, ஸ்டோரில் காய வைத்ததில் கோளாறா, குடோனில் ஈரம் ஏறியதா என்று பின்னோக்கிப் பார்ப்பார். மென்பொருளிலும் நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒரு பேக்கேஜை நம்பியிருக்கும், அது இன்னொன்றை நம்பியிருக்கும். எழுத்து உடைந்து தெரிந்தால் தவறு செயலியிலும் இருக்கலாம், எழுத்துருவிலும் இருக்கலாம், எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸிலும் இருக்கலாம். ஒரு எளிய சோதனை உண்டு. அதே சொல்லை வேறு செயலியில், வேறு எழுத்துருவில் போட்டுப் பாருங்கள். எழுத்துரு மாற்றியதும் சரியானால், புகார் போக வேண்டியது எழுத்துரு செய்தவரிடம்.

எங்கே சொல்வது என்று தெரியாவிட்டால் செயலிக்காரர்களிடமே சொல்லலாம். 'இது எங்க வேலை இல்ல, அங்க போங்க' என்று அவர்களே வழி காட்டுவார்கள். கோபப்பட ஒன்றுமில்லை.

எப்படி எழுதுவது? 'விகடகவி'யை வைத்துப் பார்ப்போம்

முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைத் தமிழில் மாலைமாற்று என்பார்கள். விகடகவி எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். வி, க, ட, க, வி. ஐந்து எழுத்து.

கணினிக்கு அது ஏழு குறி. கடைசியில் இருக்கும் 'வி'யில் 'வ' முதலில், 'ி' பிறகு. அப்படியே குறி குறியாகத் திருப்பினால் 'ி' முன்னால் வந்து நின்றுவிடும். ஒட்டுவதற்கு எழுத்து இல்லாமல் அது அந்தரத்தில் தொங்கும். ஆக, கவனமில்லாமல் எழுதப்பட்ட ஒரு நிரலைக் கேட்டால் 'விகடகவி மாலைமாற்று இல்லை' என்று சொல்லும். தமிழ் படித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வலி வேண்டுமா?

மாலைமாற்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பேக்கேஜில் இந்தத் தவறைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் எழுதும் புகார் இப்படி இருக்கும்:

'உங்க சாஃப்ட்வேர் வேலை செய்யல. தமிழே வரல. சீக்கிரம் சரி பண்ணுங்க. அர்ஜென்ட்.'

இதைப் படிக்கும் பராமரிப்பாளர் என்ன செய்ய முடியும்? எந்த வசதி வேலை செய்யவில்லை, எந்தச் சொல், எந்தப் பதிப்பு, ஒன்றுமே இல்லை. அவர் நான்கு கேள்வி கேட்டு எழுதுவார். புகார் சொன்னவர் அதற்குள் வேறு மென்பொருளுக்குப் போயிருப்பார். புகார் அப்படியே கிடக்கும்.

இதையே இப்படி எழுதலாம்:

'தலைப்பு: குறியோடு முடியும் சொற்களில் மாலைமாற்றுச் சோதனை தவறான விடை தருகிறது. நான் செய்தது: விகடகவி என்ற சொல்லைக் கொடுத்தேன். எதிர்பார்த்தது: ஆம். வந்தது: இல்லை. குறி இல்லாத சொற்களுக்குச் சரியாக வருகிறது; உதாரணம், கடக. பேக்கேஜ் பதிப்பு இது, பைத்தான் பதிப்பு இது, உபுண்டுவில் ஓட்டினேன். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்காமல் குறி குறியாகத் திருப்புவதுதான் காரணமோ என்று நினைக்கிறேன்.'

இந்த ஆறேழு வரிக்குள் எல்லாமே இருக்கிறது. பராமரிப்பாளர் தன் கணினியில் அதே சொல்லைப் போட்டால் அதே தவறு அவருக்கும் வரும். அவருக்கு அது வர வைப்பதுதான் முக்கியம். தன் கண்ணால் பார்க்காத தவறை யாராலும் திருத்த முடியாது.

அந்த 'கடக' என்ற வரியைக் கவனியுங்கள். எது உடைகிறது என்பதோடு எது உடையவில்லை என்றும் சொல்கிறது. இந்த ஒரு வரி பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். கடைசி வரியில் 'நினைக்கிறேன்' என்று இருப்பதும் வேண்டுமென்றேதான். ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும். காரணம் வேறாக இருந்தால், அடித்துச் சொன்ன ஊகம் அவரைத் தப்பான பக்கம் இழுத்துவிடும்.

பிழைச் செய்தியைப் புகைப்படம் எடுத்துப் போடுவதைவிட, எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தில் இருப்பதைத் தேட முடியாது. நாளைக்கு இதே தவறைச் சந்திக்கும் கோவைக்காரரோ கொழும்புக்காரரோ தேடும்போது உங்கள் புகார் அவருக்குக் கிடைக்க வேண்டும். எழுத்து உடைந்து தெரிவது மாதிரி கண்ணால் பார்க்க வேண்டிய தவறென்றால் மட்டும் படம் அவசியம். நீங்களும் எழுதும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள்; ஏற்கெனவே யாராவது சொல்லியிருந்தால் அதன் கீழேயே கூடுதல் தகவலைச் சேர்க்கலாம். 'எனக்கும் எனக்கும்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை.

பெரும்பாலான பேக்கேஜ்கள் 'கிட்ஹப்' தளத்தில் இருக்கின்றன. அங்கே 'இஷ்யூஸ்' என்ற பகுதியில்தான் புகார் எழுத வேண்டும். இலவசக் கணக்கு ஒன்று போதும், செல்போனிலிருந்தே எழுதலாம். மொழி? தமிழ்ப் பேக்கேஜ்களில் தமிழிலேயே எழுதலாம். மற்றவற்றில் ஆங்கிலம்தான் நடைமுறை. இலக்கணம் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செய்தது, எதிர்பார்த்தது, வந்தது என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் ஜப்பான்காரருக்கும் புரியும்.

பொட்டிபுரமும் ஜப்பான் பலகையும்

ஜப்பான் என்று சும்மா சொல்லவில்லை. போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டி நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது தேனிக்காரர்களுக்கு நினைவிருக்கும். 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை மலைக்குள் வைக்கும் திட்டம். எதிர்ப்பும் வழக்கும் வந்து, அது நின்றுபோயிருக்கிறது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனிக் கதை.

இங்கே சொல்ல வந்தது வேறு. அந்தக் கருவி எப்படி வேலை செய்யும் என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பயன்படுத்திய முக்கிய மென்பொருள் 'ஜியன்ட்4'. துகள்கள் ஒரு பொருளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும் பேக்கேஜ் அது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது, உலகின் பல ஆய்வகங்கள் சேர்ந்து பராமரிக்கின்றன.

இப்படிப்பட்ட மென்பொருளில் பக் இருந்தால் திரை உறையாது, செயலி மூடாது. விடை மட்டும் தப்பாக வரும். அதுவும் பார்க்கச் சரி போலவே இருக்கும். அதனால்தான் ஜியன்ட்4 குழு ஒரு பொதுப் புகார்ப் பலகையை வைத்திருக்கிறது. 'பக்ஜில்லா' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஓடும் அந்தப் பலகை, ஜப்பானின் கே.இ.கே ஆய்வக முகவரியில் இருக்கிறது. மதுரையில் 85 டன் எடையில் வைத்திருக்கும் மாதிரிக் கருவியோடு வேலை செய்யும் ஓர் ஆராய்ச்சி மாணவரும் அங்கே எழுதலாம், ஜெனீவாவில் இருக்கும் பேராசிரியரும் எழுதலாம். படிவம் ஒன்றுதான். யார் எழுதினார் என்பதைவிட, சொன்னபடி செய்தால் அந்தத் தவறு மறுபடி வருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

புகார் எழுதும் யாரும் ஒரு கஸ்டமர் கேரை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் கஸ்டமர் கேர் எதுவும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்காரும் ஒருவர்தான் பல பேக்கேஜ்களுக்குப் பின்னால் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை.

இதன் ஆபத்து என்ன என்பதை 'எக்ஸ்இசட்' விவகாரம் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு பேக்கேஜ் அது. லினக்ஸ் ஓடும் கணினிகளில் எல்லாம் இருக்கும். அதைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் லாஸ்ஸே காலின். 2022-ல் சில பெயர்கள் திடீரென்று வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவரை நெருக்கின. மனநலப் பிரச்சினை நீண்ட காலமாக இருக்கிறது, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பொதுவிலேயே பதில் எழுதினார். அந்த நேரத்தில் உதவிக்கு வந்து நின்றவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர். மெல்ல மெல்லப் பொறுப்பு அவர் கைக்கும் போனது.

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும் அடுத்து வந்த 5.6.1 பதிப்பிலும் அந்தப் பெயர் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தது. தூரத்திலிருந்து சர்வர்களுக்குள் நுழையும் பூட்டையே திறக்கக்கூடிய கதவு.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்ட் பொறியாளர். கள்ளக் கதவைத் தேடி அவர் போகவில்லை. வேறு சோதனை ஒன்று செய்துகொண்டிருந்தபோது, சர்வருக்குள் நுழைவது வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். நம்மில் பெரும்பாலானோர் 'நெட் ஸ்லோ' என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்து, முதலில் பாதுகாப்புக் குழுக்களிடம் தனியாகச் சொல்லி, 2024 மார்ச் 29 அன்று முழு விவரத்தோடு வெளியிட்டார். லினக்ஸ் பதிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குள் அது நுழையும் முன்பே பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதே ஓப்பன் சோர்ஸ் உலகத்தில், புகார் என்ற பெயரில் வந்த நெருக்குதல்தான் காலினைத் தளர வைத்தது. இன்னொரு புகார்தான் காப்பாற்றியது. 'அர்ஜென்ட்' என்று எழுதும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது புதுத் தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் 'கர்ல்' மென்பொருளைப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க், செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதி அனுப்பப்படும் போலிப் புகார்கள் தங்கள் நேரத்தைத் தின்கின்றன என்று 2025-ல் வெளிப்படையாகச் சொன்னார். பார்க்க நீளமாக, பணிவாக, தலைப்புகளோடு இருக்கும். உள்ளே சொல்லப்பட்ட தவறு மட்டும் இருக்காது. சாட்பாட் சொன்னதை நீங்களே ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

பொதுவில் சொல்லவே கூடாத புகார்

எல்லாப் பக்கையும் பொதுப் பலகையில் எழுதலாம் என்றால், இல்லை. அந்தத் தவறை வைத்து யாராவது தகவலைத் திருடவோ கணினிக்குள் புகவோ முடியும் என்றால், அது பாதுகாப்புப் பிழை. பூட்டு உடைந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதற்கும், பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

2021 நவம்பர் 24 அன்று சீனாவின் அலிபாபா கிளவுட் நிறுவனத்தின் சென் ஜாவோஜுன், 'லாக்4ஜே' என்ற ஜாவா பேக்கேஜில் பயங்கரமான ஓட்டை ஒன்றை அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தனி மின்னஞ்சலில் சொன்னார். ஒரு சின்ன வரியை அனுப்பினாலே அடுத்தவர் சர்வரை இயக்க முடியும் என்ற நிலை. திருத்தம் தயாராகும் முன்பே விஷயம் கசிய, டிசம்பர் இரண்டாவது வாரத்தில் உலகம் முழுக்கக் கணினித் துறையினர் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். தனியாகச் சொன்ன அந்த நாட்கள்தான் திருத்தத்தைத் தொடங்கவாவது நேரம் கொடுத்தது. இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. எங்களிடம் முதலில் ஏன் சொல்லவில்லை என்று சீன அரசின் தொழில்துறை அமைச்சகம் அலிபாபா கிளவுடுடனான கூட்டு வேலையை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது.

ஒரு பேக்கேஜில் 'செக்யூரிட்டி' என்ற பெயரில் ஒரு கோப்போ பக்கமோ இருந்தால், யாருக்குத் தனியாக எழுதுவது என்று அதில் இருக்கும். இந்தியாவில் மத்திய அரசின் 'சிஇஆர்டி-இன்' அமைப்பிடமும் இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தெரிவிக்கலாம்.

சொன்ன பிறகு?

ஒரு வாரம் பதில் வராமல் இருக்கலாம், ஒரு மாதமும் ஆகலாம். நடுவில் ஒருமுறை பணிவாக நினைவூட்டுவதில் தப்பில்லை. 'திருத்த மாட்டோம்' என்று மூடிவிட்டால் காரணத்தைப் படித்துப் பாருங்கள். பழைய பதிப்பாக இருக்கும், அல்லது அதைத் திருத்தினால் வேறு ஒன்று உடையும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் திருத்தத்தையே எழுதி அனுப்பலாம். போடிநாயக்கனூர் பிரச்சினைக்கு அப்படிப் பெரிய திருத்தம்கூட வேண்டாம். பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' வசதி பைத்தானிலேயே இருக்கிறது. பெயரைச் சேமிக்கும் முன் ஒரே ஒரு வரி சேர்த்தால் 15, 14 ஆகிவிடும். இரண்டு சோலையம்மாளும் ஒருவராகிவிடுவார். அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதேபோல அகரவரிசை. யூனிகோட் பட்டியலில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வருகிறது. தமிழ் நெடுங்கணக்கில் 'ன'தான் கடைசி. கவனிக்காமல் வரிசைப்படுத்தும் மென்பொருளில் 'மலை'க்கு முன்னால் 'மனம்' வந்து நிற்கும். அகராதியைப் புரட்டிப் பழகியவர்களுக்கு உடனே கண்ணில் படும். நிரல் எழுதியவருக்குப் படாது. இந்த மாதிரிப் புகாருக்கு நிரல் தெரிய வேண்டியதே இல்லை, தமிழ் தெரிந்தால் போதும்.

முதல்முறை எழுதத் தயக்கமாக இருந்தால் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். கணியம் அறக்கட்டளை, சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவான ஐ.எல்.யூ.ஜி.சி, விழுப்புரத்தின் வி.கிளக் போன்றவர்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள்.

மென்பொருள் பக்கமே போகாமல் தொடங்க விரும்பினால், 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' இருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடம். போடியிலிருந்து குரங்கணி, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒற்றையடிப் பாதையும் ஜீப் பாதையும் வேறு வேறு என்று தெரியும். வரைபடம் வரைந்தவர் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்திருந்தால் அது தெரியாமல் போகலாம். தப்பாக ஒரு பாதையைப் பார்த்தால், அந்த இடத்தில் விரலை வைத்து 'நோட்' என்பதைத் தட்டுங்கள். 'இது நடைபாதை, வண்டி போகாது, மழைக்காலத்தில் நடக்கவும் முடியாது' என்று தமிழில் எழுதினாலும் போதும். பார்த்த தேதியையும் சேர்த்துவிடுங்கள். மலையில் சிக்னல் இல்லையென்றால், இறங்கி வந்து போடியில் டீ குடிக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.